எல்லாரும் பாடும் ஆராதனை: அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையில் ஒரு ஞாயிறு

[காட்சி: ஆலய இருக்கையின் பின்பக்கத் தட்டில் இரண்டு தடித்த புத்தகங்கள்]

வணக்கம். அமெரிக்காவில் ஓர் எப்பிஸ்கோப்பல் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தால், முன் இருக்கையின் முதுகில் உள்ள தட்டில் பெரும்பாலும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். ஒன்று பொது ஜெபப் புத்தகம், 1979ஆம் ஆண்டுப் பதிப்பு. இன்னொன்று பாட்டுப் புத்தகம். 'ஹிம்னல் 1982' என்று பெயர், அதில் 720 பாட்டுகள். இந்தச் சபையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கோபுரத்துக்கும் வண்ணக் கண்ணாடிகளுக்கும் முன்னால் இந்த இரண்டையும்தான் காட்டத் தோன்றுகிறது. குருவானவர் வாசிக்கிற ஜெபம் அதே பக்க எண்ணோடு கடைசி வரிசையில் இருப்பவர் கையிலும் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும், பாட வேண்டிய இடத்தில் பாடியாக வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் அங்கே வேலை உண்டு.

வரலாறு சுருக்கமாக. இது இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து கிளைத்த சபை. அமெரிக்கா விடுதலை பெற்றதும் ஒரு சிக்கல் வந்தது. இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெற வேண்டுமென்றால் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். புதிய நாட்டின் குடிமகன் அதை எப்படிச் செய்வது? சாமுவேல் சீபரி என்ற குருவானவர், அந்தச் சத்தியம் தேவைப்படாத ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பர் 14 அன்று அபர்தீன் நகரில் அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். அமெரிக்காவின் முதல் ஜெபப் புத்தகம் 1789இல் வந்தது. தென்னிந்தியத் திருச்சபையும் இன்று இதே ஆங்கிலிக்கன் குடும்பத்தில் இருப்பதால், சி.எஸ்.ஐ. ஆலயத்தில் வளர்ந்தவர்கள் அங்கே போனால் பாதி ஆராதனை கேட்டுப் பழகியதாகவே இருக்கும்.

[காட்சி: சிலுவையைத் தாங்கிய பவனி, பின்னால் பாடகர் குழு]

சரி, ஞாயிறு காலை. ஆர்கன் முதலில் பாட்டின் மெட்டை வாசித்துக் காட்டும். அது முடிந்ததும் சபை எழுந்து நிற்கும். சிலுவை முன்னே வர, பாடகர் குழு, உதவியாளர்கள், கடைசியில் குருவானவர் என்று பவனி உள்ளே வரும். பழைய ஏற்பாட்டு வாசிப்பையும் நிருபத்தையும் படிப்பவர்கள் சபை மக்கள். ஒரு வாரம் ஒரு பள்ளி மாணவி, அடுத்த வாரம் ஓய்வுபெற்ற ஒரு கணக்கர். சுவிசேஷம் மட்டும் டீக்கனோ குருவானவரோ வாசிப்பது. அதற்கும் அந்தப் புத்தகத்தைப் பீடத்திலிருந்து இறக்கி மக்கள் நடுவே கொண்டுவருகிறார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்கிறார்கள்.

எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்பது மூன்று ஆண்டுச் சுழற்சியாக முன்பே வகுக்கப்பட்டது. வேறு பல சபைகளும் அதே பட்டியலைத்தான் பின்பற்றுகின்றன. பிரசங்கிக்குப் பிடித்த நாலு வசனத்தையே திரும்பத் திரும்பக் கேட்கும் நிலை இதனால் வருவதில்லை. கஷ்டமான பகுதி வந்தாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. இது மிக நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

பிரசங்கத்துக்குப் பிறகு விசுவாசப் பிரமாணம், அப்புறம் மக்களின் ஜெபங்கள். இதையும் பெரும்பாலும் சபையார் ஒருவர்தான் நடத்துவார். நோயாளிகளின் பெயர்களும் இறந்தவர்களின் பெயர்களும் உரக்க வாசிக்கப்படும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சபை பதில் சொல்லும். பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் முடிந்ததும் குருவானவர் சமாதானம் கூறுவார். உடனே எல்லாரும் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள். பல சபைகளில் இருக்கையை விட்டு எழுந்து நடந்து, எதிர்ப் பக்கம் வரை போய்க் கை கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலான வெவ்வேறு மரபுகளில் இருந்து வந்தவர்கள் ஒன்றாகத் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை, எடுக்க ஒரு புதிய முறைமை தேவைப்பட்டது. அது 1950இல் வெளிவந்தது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் தொன்றுதொட்டு இருந்த வழக்கத்தை அதில் சேர்த்தார்கள். பீடத்தில் தொடங்கும் சமாதானம் கை கையாக மாறி ஆலயத்தின் கடைசி ஆள் வரைக்கும் போகும். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் வழிபாட்டைத் திருத்தி எழுதியபோது, அந்தத் தென்னிந்திய முறைமையை ஆழ்ந்து படித்தார்கள். அமெரிக்காவில் கை கொடுத்துச் சமாதானம் சொல்வது ஆரம்பத்தில் பலருக்குச் சங்கடமாக இருந்தது. தனியாக மண்டியிட்டு, தனியாக ஜெபித்து, அமைதியாக வீடு போய்ச் சேரும் பழக்கம் அவர்களுக்கு. இன்று அது இல்லாத ஞாயிறு ஆராதனையை அங்கே பார்ப்பது அரிது.

1979 புத்தகம் கொண்டுவந்த இன்னொரு பெரிய மாற்றம் திருவிருந்து. அதற்கு முன் பல சபைகளில் ஞாயிறு என்றால் காலை ஜெபம்தான், திருவிருந்து மாதத்துக்கு ஒருமுறை. புதிய புத்தகம் அதையே ஞாயிற்றின் பிரதான ஆராதனை ஆக்கியது. பீடத்தின் முன் உள்ள தடுப்பு அருகே மண்டியிட்டோ நின்றோ, உள்ளங்கையை விரித்து அப்பத்தை வாங்குகிறார்கள். பாத்திரம் பொதுவானது, பெரும்பாலும் அதிலேயே பருகுகிறார்கள்.

[ஒலி: ஆர்கன், நான்கு குரல் பாட்டு]

இனி இசை. பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலான பாட்டுகள் நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டவை. பல சபைகளில் பாடகர் குழு என்பது வாரத்தில் ஒரு மாலை வேலை முடிந்து பயிற்சிக்கு வருகிற சாதாரண ஆட்கள்தான். நர்ஸ், ஆசிரியர், கல்லூரி மாணவர், பாட்டி. வசதியுள்ள சபைகள் குரலுக்கு ஒருவராகச் சம்பளப் பாடகர்களை வைத்துக்கொள்ளும். காணிக்கை எடுக்கும் நேரத்தில் குழு தனியாக ஒரு பாட்டுப் பாடும். மற்றபடி குழுவின் முதல் கடமை சபையைப் பாட வைப்பது. குழு எவ்வளவு நன்றாகப் பாடினாலும் சபை வாய் மூடி இருந்தால் அந்த ஆர்கனிஸ்ட்டுக்கு அது நல்ல ஞாயிறு அல்ல.

சங்கீதங்களைப் பாடும் முறை தனி. சங்கீதத்தின் வரிகள் ஒரே நீளத்தில் இருக்காது, தாளத்தில் அடங்காது. அதனால் ஒவ்வொரு பாதி வரியிலும் பெரும்பகுதியை ஒரே சுரத்தில் நிறுத்தி, பேசும் வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போவார்கள். கடைசிச் சில அசைகளில்தான் சுரம் நகரும். நம் கச்சேரியில் விருத்தம் பாடுவது போல, சொல் போகிற போக்கில் இசை போகும். ஆனால் இங்கே பாடுவது ஒருவர் அல்ல. நான்கு குரல்காரர்களும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வேண்டும், ஒரே சொல்லில் அழுத்தம் கொடுக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும். பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்காமல் இதைப் பாடவே முடியாது.

இந்த மரபை அதன் உச்சத்தில் கேட்க வேண்டுமென்றால் மாலை ஆராதனைக்குப் போக வேண்டும். ஈவன்சாங் என்பார்கள். மடங்களில் தனித்தனியாக இருந்த மாலை ஜெபத்தையும் இரவு ஜெபத்தையும் இணைத்து 1549இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் அமைத்தது இது. அமெரிக்காவில் இதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் உள்ள புனித தாமஸ் ஆலயம். இங்கிலாந்தின் யார்க் பேராலயத்தில் ஆர்கனிஸ்ட்டாக இருந்த டெர்ஷியஸ் நோபிள் 1913இல் இங்கே வந்தார். 1919இல் பாடும் சிறுவர்களுக்கென்றே ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது.

ஈவன்சாங்கில் மரியாளின் பாட்டு தவறாமல் வரும். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார். பசியுள்ளவர்களை நன்மைகளினால் நிரப்பி, ஐசுவரியமுள்ளவர்களை வெறுமையாய் அனுப்பிவிட்டார்." உலகின் விலையுயர்ந்த தெருக்களில் ஒன்றில், சிறுவர்களின் குரலில், ஆண்டாண்டாக இது ஒலித்திருக்கிறது. எத்தனை அழகாகப் பாடினாலும் அந்தச் சொற்களின் கூர்மை மழுங்குவதில்லை. பாடுகிறவர்களிடமே அது கணக்குக் கேட்கிறது. எப்பிஸ்கோப்பல் சபை பல தடவை அந்தக் கணக்கில் தோற்றிருக்கிறது.

[காட்சி: பிலடெல்பியா, பழைய வரைபடம்]

அப்சலோம் ஜோன்ஸ் 1746இல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர். பிலடெல்பியாவில் கடையில் வேலை பார்த்து, சேர்த்த பணத்தில் முதலில் மனைவியின் விடுதலையை வாங்கினார். ஜோன்ஸுக்கு விடுதலை கிடைத்தது 1784இல். 1787இல் இன்னொரு கறுப்பினப் போதகரான ரிச்சர்ட் ஆலனோடு சேர்ந்து 'சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம்' என்ற உதவிச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஊர் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அவரை, இது உங்களுக்கான இடம் இல்லை என்று பிடித்து எழுப்பினார்கள். கறுப்பின மக்கள் மொத்தமாக எழுந்து வெளியேறினார்கள்.

1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தவறாக நம்பி அவர்களிடம் உதவி கேட்டார். ஜோன்ஸும் ஆலனும் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். அவர்களிலும் பலர் இறந்தார்கள். பிறகு அவர்கள் மீதே பணம் பறித்ததாகப் பழி வந்தது. 1794இல் இருவரும் கணக்கு வழக்கோடு ஒரு பிரசுரம் அச்சிட்டுப் பதில் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை 17 அன்று புனித தாமஸ் ஆப்பிரிக்க எப்பிஸ்கோப்பல் ஆலயம் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் கறுப்பின எப்பிஸ்கோப்பல் சபை அது. ஜோன்ஸ் பின்னாளில் இந்தத் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் ஆனார். ஆனால் திருமண்டலம் அந்தச் சபையை ஏற்றுக்கொண்டபோதே, அதன் பிரதிநிதிகள் திருமண்டல மாநாட்டில் உட்காரக் கூடாது என்று நிபந்தனை போட்டது. அந்தத் தடை 1860கள் வரை நீடித்தது. ஒரே புத்தகத்தில் ஒரே ஜெபத்தைச் சொன்னவர்களுக்கு நடந்தது இது. இன்று பிப்ரவரி 13, ஜோன்ஸின் நினைவு நாளாகத் திருச்சபை நாள்காட்டியில் இருக்கிறது. அந்தச் சபையும் இன்றுவரை இயங்குகிறது. கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களையும் நற்செய்திப் பாடல்களையும் தொகுத்து எப்பிஸ்கோப்பல் சபை 1993இல் வெளியிட்ட தனிப் பாட்டுப் புத்தகம் பல ஆலயங்களில் இப்போது 'ஹிம்னல் 1982' பக்கத்தில் இருக்கிறது.

அதே நாள்காட்டியில் ஜனவரி 2 நம் வெள்ளாளன்விளையில் பிறந்த, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவுக்கு உரியது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

சரி, சபையை நடத்துவது யார்? ஆண்டுக் கூட்டத்தில் சபையார் ஓட்டுப் போட்டு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெஸ்ட்ரி என்று பெயர். நம் சேகரக் கமிட்டி மாதிரிதான், ஆனால் ஒரு முக்கியமான அதிகாரம் கூடுதலாக உண்டு. ரெக்டர் எனப்படும் குருவானவரை வெஸ்ட்ரிதான் தேடி அழைக்கும். பேராயரின் ஒப்புதல் வேண்டும், ஆனால் பேராயர் திருமண்டல அலுவலகத்திலிருந்து ஓர் இடமாற்ற உத்தரவு போட்டு ரெக்டரை மாற்றிவிட முடியாது. புதியவரைத் தேட ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும் சபைகள் உண்டு. அந்தக் காலம் முழுக்கச் சபையின் பொறுப்பு பெரிதும் சாதாரண உறுப்பினர்கள் தலையில்தான். நல்லதா என்றால், சபையில் சண்டை இருந்தால் மிகக் கடினம். ஆனால் தங்கள் சபை தங்கள் பொறுப்பு என்ற எண்ணம் இதனால் ஊறிப்போகிறது.

1974 ஜூலை 29 அன்று பிலடெல்பியாவின் அட்வகேட் ஆலயத்தில், திருச்சபை அனுமதி தரும் முன்பே, 11 பெண்கள் குருக்களாக அபிஷேகம் பெற்றார்கள். அன்றைய பவனியில் சிலுவையைத் தூக்கி முன்னே நடந்தவர் பார்பரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண், அப்போது அவர் குரு அல்ல. 1976இல் திருச்சபை பெண்களுக்கு அனுமதி அளித்தது. 1989இல் ஹாரிஸ் மாசசூசெட்ஸில் துணைப் பேராயராக அபிஷேகம் பெற்றார். உலக ஆங்கிலிக்கன் சபைகளிலேயே பேராயரான முதல் பெண் அவர்.

[காட்சி: ஆலயத்துக்குள் வரிசையாகச் சாப்பாட்டு மேசைகள்]

ஆராதனை முடிந்ததும் பக்கத்து ஹாலில் காபி. நம் அசனம் போலப் பெரிய விருந்து இல்லை, பிஸ்கட், கேக், பழம். ஆனால் யார் வேலை இழந்தார், யார் வீட்டில் மருத்துவமனைச் செலவு என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். புதியவர் தனியாக நின்றால் யாராவது வந்து பேசுவார்கள்.

சில சபைகளில் அந்த மேசை நீண்டுவிடுகிறது. நியூயார்க்கின் ஒன்பதாம் அவென்யூவில் ஹோலி அப்போஸல்ஸ் என்ற ஆலயம். 1982இல், வறுமை கண்முன் பெருகிய காலத்தில், அந்தச் சிறிய சபை வார நாட்களில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. யார் என்ன என்று கேள்வி கிடையாது, வந்தவருக்குச் சாப்பாடு. போகப்போக அது நாளைக்கு ஆயிரம் சாப்பாடு அளவுக்கு வளர்ந்தது. 1990இல் ஆலயத்தில் தீப்பிடித்துக் கூரை எரிந்தது. உணவு வழங்குவது ஒரு நாள்கூட நிற்கவில்லை. திருப்பிக் கட்டும்போது சபை ஒரு முடிவெடுத்தது. தரையில் பொருத்திய பழைய இருக்கைகளை மறுபடி போட வேண்டாம், ஆலயத்துக்குள்ளேயே மேசை போட்டுப் பந்தி நடத்தலாம் என்றார்கள். கட்டி முடித்ததும் வார நாட்களில் அந்த இடம் சாப்பாட்டுக் கூடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் பாடினார்கள்.