காலை ஏழு மணி வகுப்புக்கு யாரால் வர முடியும்?

[காட்சி: தையல் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் பெரிய கூடம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.]

1990 ஜனவரி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அந்தோனியோ நகரம். லெவி ஸ்ட்ராஸ் நிறுவனம் அங்கிருந்த தன் தையல் ஆலையை மூடப்போவதாக அறிவிக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகிறது. அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்த துணி இனி கோஸ்டா ரிக்காவில் தைக்கப்படும்.

ஆலை மூடும்போதெல்லாம் எந்த நகரத்திலும் ஒரே ஆறுதல்தான் சொல்லப்படுகிறது: "வேறு தொழில் கற்றுக்கொள்ளுங்கள்." சொல்வதில் தவறில்லை. யார் செலவில் கற்பது, எத்தனை மாதம் கற்பது, அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும், கற்று முடித்த பிறகு வேலை தரப்போவது யார் என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளை ஒரு நகரத்து மக்கள் விடாமல் கேட்டார்கள். அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: ஒரு வீட்டின் கூடம். பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலிகளில் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள்.]

சான் அந்தோனியோவில் காப்ஸ் என்ற மக்கள் அமைப்பு இருந்தது. தேவாலயங்களைச் சுற்றி அமைந்த மக்கள் சமூகங்களை அடித்தளமாகக் கொண்டு 1974-இல் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் உருவாக்கியது. மழை வந்தால் வெள்ளத்தில் மூழ்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கு வடிகால் கேட்டுப் போராடி வென்றவர்கள் அவர்கள். ஆலை மூடிய பிறகு அவர்களும் மெட்ரோ அலையன்ஸ் என்ற தோழமை அமைப்பும் சேர்ந்து வீடு வீடாகக் கூட்டம் போட்டார்கள். மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அண்டை அயலார் உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சில் ஓர் உண்மை திரும்பத் திரும்ப வந்தது. பலர் ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்கள். அவர்களிடம் சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை. அதே நகரத்தில் மருத்துவமனைகள் செவிலியர் கிடைக்காமல் வெளியூர்களில் ஆள் தேடிக்கொண்டிருந்தன.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர்நாடி இந்த இடம்தான். நகரத்தில் வேலையும் இருந்தது, வேலை தேடும் மக்களும் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் போட வேண்டிய பயிற்சித் திட்டங்களோ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

ஏன் அப்படி? அப்போது நாடு முழுவதும் நடைமுறையில் இருந்தது 1982-ஆம் ஆண்டின் வேலைப் பயிற்சிக் கூட்டாண்மைச் சட்டம். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஆளுக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை வைத்தே பயிற்சி நிறுவனங்கள் மதிப்பிடப்பட்டன. கணக்கு நன்றாக வரவேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடியவர்களைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். குறுகிய காலப் பயிற்சியாகக் கொடுப்பார்கள். கைக்குழந்தை உள்ளவர், கணக்குப் பாடம் மறந்துபோனவர், மொழி தடுமாறுகிறவர் எல்லோரும் கதவுக்கு வெளியே நிற்பார்கள். யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, அளவுகோல் அப்படி இருந்தாலே போதும். ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகள் விவாதித்திருக்கிறார்கள்.

[காட்சி: இரண்டு அம்புக்குறிகள். முதலாவது பயிற்சியிலிருந்து வேலைக்குப் போகிறது. இரண்டாவது வேலையிலிருந்து பயிற்சிக்கு வருகிறது.]

காப்ஸ் மக்கள் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் நகரத்தின் மருத்துவமனைகள், வங்கிகள் போன்ற முதலாளிகளிடம் போனார்கள். "எந்த வேலைக்கு உங்களுக்கு ஆள் வேண்டும்? என்ன சம்பளம் தருவீர்கள்? நாங்கள் பயிற்றுவித்தால் எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டு வாக்குறுதி வாங்கினார்கள். நகரத்தின் பெரிய வங்கியாளர்களில் ஒருவரான டாம் ஃப்ராஸ்ட் இதற்குத் துணை நின்றார். மாநில ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸும் நகர மன்றமும் நிதி ஒதுக்கின. 1992-இல் பிராஜெக்ட் குவெஸ்ட் என்ற வேலைப் பயிற்சித் திட்டம் பிறந்தது.

குவெஸ்ட் தானாகத் தொழிற்பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. பாடத்தை நகரத்தின் சமுதாயக் கல்லூரிகள் நடத்தின. வகுப்பைச் சுற்றியுள்ள வாழ்க்கையைத் தாங்கிப் பிடிப்பதுதான் குவெஸ்டின் வேலை. அது என்ன என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்ப்போம்.

[காட்சி: சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரம். மணி ஐந்தே கால்.]

செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் ஒரு தாயை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பயிற்சி காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது, இரவுப் பணியாளர்கள் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம் அது. குழந்தைகள் காப்பகமும் ஏழு மணிக்குத்தான் திறக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் இரண்டாவது பஸ் போய்விடும். மூன்று முறை தாமதமாக வந்தால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவர் அறிவில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "பாதியில் நின்றுவிட்டார்" என்று எழுதியிருக்கும். அதைப் படிப்பவர், ஆர்வமில்லாதவர் என்று நினைத்துக்கொள்வார்.

குவெஸ்ட் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. கட்டணம், புத்தகம், பயணச் செலவு, குழந்தைப் பராமரிப்பு இவற்றில் உதவியது. கார் பழுதானாலோ மின்கட்டணம் கட்ட முடியாமல் போனாலோ அதற்கும் ஒரு சிறு தொகை கிடைத்தது. கணக்கிலும் வாசிப்பிலும் பின்தங்கியவர்களுக்குத் தனி வகுப்பு இருந்தது. ஆலோசகர் ஒருவர் மாணவர்களை வாரந்தோறும் சந்தித்தார். படிப்பை முடிக்கச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

இது வீண்செலவு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. சுகாதாரத் துறை வேலைகளுக்கு விண்ணப்பித்த சுமார் 400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் குவெஸ்டில் சேர்த்து, இரு பாதியினரின் வருமானத்தையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலாம் ஆண்டில் குவெஸ்ட் மாணவர்களின் வருமானம்தான் குறைவு, ஏனென்றால் அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோடு மேலே ஏறியது. ஒன்பதாவது ஆண்டில் அவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கும் அதிகமாகச் சம்பாதித்தார்கள். முதல் ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால் திட்டம் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள்.

[காட்சி: மூடிய கதவு. அதன் மேல் "உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் அவசியம்" என்ற அறிவிப்பு.]

ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. குவெஸ்டில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ அதற்கு இணையானதோ வேண்டியிருந்தது. ஆலையில் வேலையிழந்த தையல் தொழிலாளர்களில் பலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். எந்தப் பெண்களின் கண்ணீரில் திட்டம் முளைத்ததோ அவர்களில் பலருக்கே அதன் கதவு திறக்கவில்லை. நல்ல திட்டத்தைப் புகழும்போது இதைச் சொல்லாமல் விடுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். அடிப்படைக் கல்வியிலிருந்தே தொடங்கும் பாதையும் வேண்டும். அதற்கு இரண்டல்ல, நான்கு ஆண்டுகள் ஆகலாம். ஆகட்டும்.

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். மைதானம் நிறைய, வரிசை வரிசையாகக் கார்கள்.]

2020 ஏப்ரல். பெருந்தொற்றுக் காலம். அதே சான் அந்தோனியோவில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கி உணவு வழங்கிய இடத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் வரிசைகட்டி நின்றன. அந்தப் படம் உலகம் முழுவதும் போனது. அந்த ஆண்டு நவம்பரில் வாக்காளர்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: விற்பனை வரியில் டாலருக்கு எட்டில் ஒரு சென்ட்டை நான்கு ஆண்டுகளுக்கு வேலைப் பயிற்சிக்குத் தரலாமா? மதிப்பிடப்பட்ட தொகை 154 மில்லியன் டாலர். காப்ஸ் மக்கள் மறுபடியும் வாக்காளர்களிடம் பேசினார்கள். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் 'சரி' என்று வாக்களித்தார்கள். 2022-இல் 'ரெடி டு வொர்க்' என்ற பெயரில் அந்தத் திட்டம் தொடங்கியது.

வரி கட்டுகிறவர்கள் முன்வந்து பணம் கொடுத்த பிறகு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பாகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்ணை அதிகாரிகள் உற்சாகமாகச் சொல்வார்கள். எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், அவர்கள் யார், எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள், ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். அந்தப் பயிற்சியில் ஏற்கெனவே படித்தவர் எவராவது முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

[காட்சி: நகர மன்றக் கூடம். ஒலிவாங்கியின் முன் ஒரு பெண், கையில் ஒரு துண்டுக் காகிதம்.]

பேச இரண்டே நிமிடம்தான் கிடைக்கும் என்றால், ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: நீங்கள் பணம் தரும் வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அதற்கு அருகில் உள்ள குழந்தைகள் காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது?