சார்ஜர் எந்த அறையில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்க விடலாம்?" என்பதுதான். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: ராத்திரி அந்த போன் எங்கே சார்ஜ் ஏறுகிறது?

தலையணை ஓரத்தில் என்றால் வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும். 13 வயதிலிருந்து 18 வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் தூக்கத்துக்கான மெலட்டோனின் என்ற ஹார்மோன் தாமதமாகத்தான் சுரக்கும். பதினொரு மணி வரை கண் சொக்காது. அந்த நேரத்தில் கையில் ரீல்ஸ் இருந்தால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். ஒன்றரைக்குப் படுத்து ஆறு மணி டியூஷனுக்கு எழுந்தால் நாலரை மணி நேரம்கூடத் தேறாது. மறுநாள் எரிந்து விழுவதும், படித்தது மண்டையில் நிற்காததும் பாதி இதனால்தான்.

சார்ஜரை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். அப்பா, அம்மா போனும் அங்கேதான். பெரும்பாலும் திட்டம் கவிழ்வது இந்த இடத்தில்! 'அலாரம் வைக்கணுமே' என்ற சாக்குக்கு ஒரு டைம்பீஸ் போதும். இன்றைக்கே பத்து மணி என்று கறார் பண்ணினால் சண்டைதான் மிஞ்சும். இப்போது ஒரு மணிக்குப் படுக்கிறார்கள் என்றால், மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். பத்து மணிக்கு வந்துசேர ஐந்து வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. போனால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து.

வைஃபையை அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிற பெற்றோர் உண்டு. அது போதாது. தினசரி ஒன்றரை ஜிபி பேக்கில் நள்ளிரவு 12 மணிக்குத்தான் புது டேட்டா விழும்; அதற்காகவே விழித்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைப்பது, அழைப்பைத் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை நிறுத்துவது ஓரளவு உதவும். போனையே பிடுங்கி பீரோவில் பூட்டினால், நண்பன் போனும் பொய்யும் வரும்.

எல்லாவற்றையும் 'அடிமை' என்று சொல்லிவிடவும் கூடாது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறுக்கு மூன்று அடையாளம் வைக்கிறது: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலிடம் பிடிப்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. அதுவும் பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு மனச்சோர்வுதான் முதலில் வந்திருக்கும், போன் அதற்கு ஒளிவிடம். இரண்டு வாரமாகச் சாப்பாடு குறைந்து, பிடித்த கிரிக்கெட்டுக்கும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே.

அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பிள்ளையே நேரடியாகக் கூப்பிடலாம். இன்னொரு முறை சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.