கம்பியை அமுக்கிய கை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பல வருடம் கிதார் வாசித்தவன். ஜிம்பாப்வே நாட்டுப் பாடகர் தாமஸ் மப்ஃபூமோவைப் பற்றிப் பேசச் சொன்னதும், அவருடைய அரசியலுக்கு முன்னால் அவர் குழுவின் கிதார் சத்தம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கம்பியை மீட்டினால் நாதம் நீளமாக நிற்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகள்மேல் லேசாகச் சாய்த்து வைத்து மீட்டிப் பாருங்கள். நாதம் அடங்கிவிடும். மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி டக், டக் என்று விழும். மப்ஃபூமோவின் பாட்டுகள் இந்தச் சொட்டுச் சத்தத்தில்தான் நடக்கின்றன.

இது எம்பிராவின் சத்தம். எம்பிரா என்பது ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களுடைய வாத்தியம். ஒரு மரப்பலகையில் இருபதுக்கும் மேற்பட்ட இரும்புப் பட்டைகள் இருக்கும். இரண்டு கட்டைவிரல்களாலும் வலது ஆட்காட்டி விரலாலும் வாசிப்பார்கள். பலகையைப் பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்துக்கொள்வார்கள். குடுக்கையில் கோத்திருக்கும் சிப்பிகள், இப்போதெல்லாம் சோடா மூடிகள், கூடவே இரையும். முன்னோர்களின் ஆவியை அழைக்கும் இராப் பூசைகளில் விடிய விடிய இதை வாசிப்பார்கள். மிஷனரிகளுக்கு இது பேய் வழிபாடு. ஆகவே படித்த பிள்ளைகள் எம்பிராவைத் தொடவே கூச்சப்பட்டார்கள்.

1945இல் பிறந்த மப்ஃபூமோவும் முதலில் அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளைப் பாடித் திரிந்தவர்தான். 1970களின் தொடக்கத்தில் மஹங்குரா செப்புச் சுரங்கத்தில் இருந்த ஒரு குழுவில் சேர்ந்தார். அங்கே ஜோஷுவா டுபே என்ற கிதார்காரர் எம்பிரா மெட்டுகளைக் கம்பிக்கு மாற்றினார். எம்பிராவோடு ஆட்டுகிற சுரைக்காய்க் கிலுகிலுப்பையின் தாளத்தை டிரம்காரர் ஹை-ஹாட்டில், அதாவது காலால் மிதிக்கிற ஜோடித் தாளத்தட்டில், பிடித்துக்கொண்டார். மப்ஃபூமோ ஷோனாவில் பாடினார். நாட்டின் பெயர் அப்போது ரொடீசியா. இயன் ஸ்மித்தின் வெள்ளையர் ஆட்சி. 1930ஆம் ஆண்டுச் சட்டமே நாட்டின் நிலத்தில் ஏறக்குறையப் பாதியைச் சிறுபான்மை வெள்ளையர்களுக்கு ஒதுக்கிவிட்டிருந்தது. காட்டில் கொரில்லாப் போர் நடந்தது. அந்தப் போருக்கு மக்கள் வைத்த பெயர் 'சிமுரெங்கா'. மப்ஃபூமோ தன் இசைக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், பாட்டுகளை மேலோட்டமாகக் கேட்டால் ஒப்பாரி, கிராமத்துக் கஷ்டம், பழைய மெட்டு என்றுதான் தோன்றும். 'ஹொகோயோ' என்று ஒரு பாட்டு. ஜாக்கிரதை என்று அர்த்தம். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்கிற ஆளுக்குத் தெரியும். அது போக, மிஷனரி பள்ளியில் படித்தவன் வெட்கப்பட்டு ஒதுக்கிய எம்பிரா கிதாரிலிருந்து வந்து விழுகிறது. வார்த்தையே இல்லாவிட்டாலும் அந்தச் சத்தம் ஒரு கட்சி எடுத்துவிட்டது என்பேன்.

அரசு வானொலி இவர் பாட்டுகளைத் தடை செய்தது. எல்லைக்கு அப்பால் மொசாம்பிக்கிலிருந்து வந்த விடுதலை இயக்க ஒலிபரப்பில் மக்கள் அவற்றை இரகசியமாகக் கேட்டார்கள். அப்புறம் மப்ஃபூமோவை விசாரணை இல்லாமல் சிறையில் வைத்தார்கள். ஸ்மித்தோடு சமரசம் செய்துகொண்ட பிஷப் முசொரேவாவின் கூட்டத்தில் பாட வேண்டும் என்பது விடுதலைக்கான நிபந்தனை. பாடினார். அதே சிமுரெங்கா பாட்டுகளைத்தான் பாடினேன் என்பது அவர் பக்கத்து நியாயம். அவர் விலைபோய்விட்டார் என்று பேசியவர்களும் உண்டு. சிறையில் உட்கார்ந்து பார்க்காத நாம் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

1980 ஏப்ரல் 17 இரவு, தலைநகரின் ருஃபாரோ ஸ்டேடியத்தில் சுதந்திர விழா. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி சொந்தக் காசில் வாத்தியங்களையும் ஒலிபெருக்கிகளையும் கொண்டுவந்து பாடினார். மப்ஃபூமோ பிறந்த அதே 1945இல் பிறந்தவர். ஜிம்பாப்வே என்ற பெயரிலேயே ஒரு பாட்டை முந்தைய வருடமே வெளியிட்டிருந்தார். உள்ளே விடாத ஏழை ஜனங்கள் வெளியில் நின்று முண்டியடித்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டது. புகை மேடைவரை வந்தது. மறுநாள் மார்லி பொதுமக்களுக்காக இன்னொரு முறை பாடினார்.

சரி, சுதந்திரம் வந்தாயிற்று, பாட்டுக்காரர் வாழ்த்துப் பாடிக்கொண்டிருக்கலாமே? கொஞ்ச காலம் அதையும் செய்தார். 1988இல் ஒரு விவகாரம் வெடித்தது. அமைச்சர்கள் தொழிற்சாலையிலிருந்து அரசு விலைக்குக் கார் வாங்கி, வெளியில் கொள்ளை இலாபத்துக்கு விற்றிருந்தார்கள். அந்தச் சமயத்தில் மப்ஃபூமோ 'கரப்ஷன்' என்றே ஒரு பாட்டுப் போட்டார். பத்து வருடம் கழித்து 'மம்வெம்வே'. கந்தல் என்று அர்த்தம். நீங்கள் அழுது கேட்ட நாடு இப்போது கந்தலாகக் கிடக்கிறது என்கிறது பாட்டு. இந்த முறை ஒலிபரப்ப மறுத்தது சுதந்திர நாட்டின் வானொலி. அவர் குடும்பத்தோடு அமெரிக்காவின் ஓரிகனுக்குப் போய்விட்டார். சுதந்திரத்திலிருந்து நாட்டை ஆண்ட முகாபே பதவி விலகிய பிறகு, 2018 ஏப்ரலில்தான் தலைநகர் ஹராரேயில் மறுபடி மேடை ஏறினார்.

இப்போது நிலையத்து நண்பர்கள் 'ஹொகோயோ'வை ஒலிபரப்புவார்கள். ஷோனா புரியாவிட்டால் பரவாயில்லை. அந்தக் கிதாரைக் கவனியுங்கள். கை கம்பியை விட்டு எடுபடவே எடுபடாது. நன்றி, வணக்கம்.