கூவம் கோடையிலும் ஓடுகிறதே, அது எந்த வகை ஆறு?

[காட்சி: மே மாதம். நேப்பியர் பாலத்துக்குக் கீழே கரிய நீர்.]

அக்னி நட்சத்திரத்திலும் கூவத்தில் தண்ணீர் நிற்கிறது. ஒரே மாதிரி ஓடும் ஆறுகளைக் குழுவாகப் பிரிக்க, நகருக்குள் எடுத்த அன்றாட ஓட்டக் கணக்கை அப்படியே கணினியில் போட்டால், நிலத்தடி ஊற்றால் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு என்று வகைப்படுத்திவிடும். ஓடுவது ஊற்று நீர் இல்லை, கழிவுநீர். அதை முதலில் பிரிக்காவிட்டால் பிறகு போடும் கணக்கெல்லாம் வீண்.

[வரைபடம்: கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு.]

அடுத்து, எங்கே அளந்தது என்று பாருங்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மழையே இல்லாமல் ஓதம், அதாவது கடலின் அலையேற்றம், ஏறினாலும் நீர்மட்டம் உயரும். மணல் வாயை அடைத்தாலும் உயரும். மட்டத்தைப் பார்த்து ஓட்டம் சொல்லும் அட்டவணை அங்கே செல்லாது. ஓதம் எட்டாத மேல்பகுதிக் கணக்கையே எடுங்கள். ஏரிக்குக் கீழே என்றால் மதகு திறந்த நாட்களைக் குறித்துவையுங்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாற்றின் அந்த உச்சத்தில் மழையும் இருக்கிறது, மதகும் இருக்கிறது.

நீராண்டை, அதாவது ஓட்டத்தைக் கணக்கிடும் பன்னிரண்டு மாதத்தை, ஜூன் 1-இல் தொடங்குங்கள். ஜனவரியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையின் கடைசி ஓட்டம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழுந்துவிடும்.

ஓட்டத்தை வடிநிலத்தின், அதாவது ஆற்றுக்கு நீர் வடியும் நிலத்தின், பரப்பால் வகுத்து மில்லிமீட்டராக்குங்கள். 500 சதுர கிலோமீட்டரில் விநாடிக்கு 100 கன மீட்டர் ஒரு நாள் ஓடினால் 17.3 மி.மீ.

[திரையில் எண்கள்: 2, 2, 40, 12, 4]

ஐந்து நாள் ஓட்டம் இது. முந்தைய நாளும் 2. நாளுக்கு நாள் மாற்றம் 0, 0, 38, 28, 8. கூட்டினால் 74. மொத்த ஓட்டம் 60. வகுத்தால் 1.23: துள்ளி எழுந்து சட்டென வடியும் ஆறு. 10-இல் தொடங்கி 10, 11, 12, 11, 10 என்று போகும் ஆற்றுக்கு 0.07தான். சிறு வடிநிலத்தில் வெள்ளம் சில மணி நேரத்தில் ஏறி வடிந்துவிடும். நாள் சராசரி அதை விழுங்கிவிடும். மணிக் கணக்கு கிடைத்தால் விடாதீர்கள்.

இதோடு வறண்ட நாட்களின் எண்ணிக்கை, அடிப்படை ஓட்டத்தின் (மழை ஓய்ந்த பிறகும் மெல்ல வரும் நீரின்) பங்கு, ஆண்டு நீரில் பாதி கடந்த தேதி. நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே குழுவாகப் பிரியுங்கள். இல்லையென்றால் 365 வரை போகும் வறண்ட நாட்கள், 1.23-ஐ அமுக்கிவிடும்.

பிரித்த பின், வெள்ள ஆண்டு ஒன்றை நீக்கிக் கணக்கை மறுபடி போடுங்கள். ஓர் ஆறு வேறு குழுவுக்கு மாறினால், அந்த வகை ஒரே ஒரு வெள்ளத்தால் வந்தது.