யாரும் அழைக்காத நிரல்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 மார்ச் மாதம், லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் 5.17 பதிப்பு வெளிவந்தது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் அதில் என்னென்ன புதிது என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பதிப்பிலிருந்து வெளியேறிய ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் கிளீன்கேஷ். வெளியேற்றப்படுவதற்கு முன் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், கெர்னலின் நினைவக மேலாண்மைப் பகுதியில் அது சும்மா உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்டதை டெட் கோட் என்கிறோம். எழுதப்பட்டிருக்கும், கம்பைல் ஆகும், அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாறும், ஆனால் அதனால் நடக்கும் காரியம் ஒன்றும் இருக்காது.

டெட் கோடை நீக்குவது வெறும் துப்புரவு வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். நிரலில் செய்ய வேண்டிய மாற்றத்தை எழுதி அனுப்புவதைப் பேட்ச் என்பார்கள். நினைவக மேலாண்மையைப் பொறுத்தவரை, நீக்கும் பேட்சைச் சரிபார்ப்பவர் சேர்க்கும் பேட்சைச் சரிபார்ப்பவரைவிட அதிகம் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகச் சேர்ப்பவர் தன் நோக்கத்தை அந்தப் பேட்சிலேயே எழுதிவிடுகிறார். நீக்கப்படும் வரியை எழுதியவரோ பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் எதை எண்ணி அதை எழுதினார் என்று சரிபார்ப்பவர்தான் தேடிப் போக வேண்டும்.

முதலில் கெர்னல் நினைவகத்தை எப்படிக் கையாள்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். ரேமை அது சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். எந்தப் பக்கம் எந்தச் செயலிக்கு என்பதைப் பக்க அட்டவணை என்ற பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. வட்டிலிருந்து படித்த கோப்பின் பக்கங்களையும் ரேமிலேயே வைத்திருக்கும். மறுபடி யாராவது கேட்டால் வட்டுக்கு ஓட வேண்டாம் அல்லவா? இடம் போதாதபோது அந்தப் பக்கங்களைக் கைவிட்டுவிடும்.

இங்கேதான் கிளீன்கேஷ் வருகிறது. ஜென் என்ற மென்பொருளைக் கொண்டு ஒரே பெரிய கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டலாம். அவற்றுள் ஒன்றுக்கு ரேம் போதாமல் பக்கத்தைக் கைவிடும் நேரத்தில், பெரிய கணினியில் எங்காவது ரேம் காலியாகக் கிடக்கலாம். "இந்தப் பக்கத்தை நான் கைவிடுகிறேன், உன்னால் முடிந்தால் வைத்துக்கொள், தேவைப்பட்டால் வந்து கேட்கிறேன்" என்று உள்ளே ஓடும் கெர்னல் ஜென்னிடம் சொல்ல ஒரு வழி செய்தால் என்ன? ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்த டான் மேகன்ஹைமர் முன்வைத்த யோசனை இது. ஜென் பக்கம் இருந்ததன் பெயர் டிமெம். லினக்ஸ் பக்கம் கிளீன்கேஷ் 2011இல் 3.0 பதிப்பில் சேர்ந்தது. ஸ்வாப்புக்கு, அதாவது ரேம் போதாதபோது பயன்படுத்த வட்டில் ஒதுக்கிய இடத்துக்கு, போகும் பக்கங்களுக்காக ஃப்ரன்ட்ஸ்வாப் என்ற அதன் உடன்பிறப்பு 2012இல் 3.5 பதிப்பில் சேர்ந்தது.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஜென்னில் டிமெம் சோதனை நிலையைத் தாண்டவே இல்லை. ஜென் அதைக் கைவிட முடிவு செய்ததும், 2019இல் லினக்ஸ் 5.3 பதிப்பில் டிமெம் டிரைவரை நீக்கினார்கள். கிளீன்கேஷ் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர் போய்விட்டார். அதை அழைக்கக் கெர்னலில் வைத்த கொக்கிகள் மட்டும் அப்படியே நின்றன. பக்கத்தைக் கைவிடும்போது ஒரு அழைப்பு, கோப்பை வெட்டிக் குறைக்கும்போது ஒரு அழைப்பு, வட்டிலிருந்து படிக்கும் முன் ஒரு அழைப்பு. இதற்காகவே கோப்பு முறைமை ஒவ்வொன்றின் தலைப்பதிவிலும் ஓர் எண் வேறு.

இதனால் கணினியின் வேகம் குறைந்ததா என்றால், சொல்லும்படியாக இல்லை. இழப்பு முழுக்க மனிதர்களுக்குத்தான். பழைய வீட்டில் வயரிங் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனைக் கேட்டுப் பாருங்கள். சுவருக்குள் ஓடும் எந்த ஒயரையும், கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கும்வரை உயிருள்ள ஒயராகவே அவர் நடத்துவார். பயனற்ற ஒயர் பத்து இருந்தால் பத்தையும் சோதித்தாக வேண்டும். கெர்னலிலும் அதேதான் நடந்தது. அந்த ஆண்டுகளில் மேத்யூ வில்காக்ஸ் என்பவர், பக்கங்களைத் தனித்தனியாகக் கையாளும் பழைய முறையிலிருந்து ஃபோலியோ என்ற தொகுப்பு முறைக்கு நினைவக மேலாண்மையை மாற்றிக்கொண்டிருந்தார். கிளீன்கேஷ் அழைப்புகள் இருந்த அதே கோப்புகளில்தான் அந்த மாற்றமும் நடந்தது. யாரும் எடுக்காத ஃபோனுக்கு மணி அடிக்கும் வரிகளையும் கெடாமல் காப்பாற்றிக்கொண்டே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

2021 முடியும் தறுவாயில் கிறிஸ்டோஃப் ஹெல்விக் நீக்கும் பேட்ச் தொடரை அனுப்பினார். 2019க்குப் பிறகு கிளீன்கேஷுக்குப் பயனர் எவரும் இல்லை, ஃப்ரன்ட்ஸ்வாப்பிலும் பெரும்பகுதிக்கு இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

இப்படி ஒரு பேட்ச் வந்தால் சரிபார்ப்பவர் என்ன செய்வார்? நீக்கப்படும் ஃபங்ஷனின், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டின், பெயரைக் கெர்னல் மூல நிரல் முழுவதிலும் தேடுவதுதான் முதல் வேலை. அதை நம்பி நின்றுவிட்டால் ஆபத்து. நினைவகப் பகுதியிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஒரு பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டது என்று குறிக்கும் செட்பேஜ்டர்ட்டி போன்ற பெயர்கள், பக்கத்தின் நிலையைக் குறிக்கும் கொடிகளுக்காகப் பல கோப்புகளும் பகிர்ந்துகொள்ளும் தலைப்புக் கோப்பில் முழுப் பெயராக வரையறுக்கப்படவில்லை. கம்பைல் ஆகும்போது நிரலாக விரியும் சுருக்கெழுத்தான ஒரு மேக்ரோ, துண்டுகளை ஒட்டி அந்தப் பெயரை உருவாக்குகிறது. முழுப் பெயரைத் தேடினால் வரையறை கிடைக்காது. அழைப்பும் இப்படி ஒட்டி உருவாகியிருந்தால், உயிரோடு இருக்கும் ஃபங்ஷனை அழைப்பார் யாருமில்லை என்று சொல்லிவிடுவோம்.

கம்பைலர் சொல்லாதா என்று கேட்கலாம். அரைகுறையாகத்தான் சொல்லும். தலைப்புக் கோப்பில் இருக்கும் இன்லைன் ஃபங்ஷனை எவரும் அழைக்காவிட்டாலும் கம்பைலர் வாய் திறக்காது. அதோடு, நம் மேசையில் இருப்பது 64 பிட் கணினி. 32 பிட் கணினிகளுக்கு மட்டுமான ஹைமெம் பகுதி அதில் கம்பைல் ஆவதே இல்லை. இங்கே பிழையின்றிக் கம்பைல் ஆன நீக்கம், ஒரு பழைய ஆர்ம் பலகையில் உடைந்து நிற்கலாம். அதனால்தான் நினைவக மேலாண்மையின் பராமரிப்பாளர் ஆண்ட்ரூ மார்ட்டனின் கிளையில் சேர்ந்த பேட்ச்கள் சில வாரங்கள், அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைத் திரட்டும் லினக்ஸ் நெக்ஸ்ட்டில் இருக்கின்றன. பல கட்டமைப்புகளுக்கும், அதாவது ப்ராசசர் வகைகளுக்கும், எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பல கன்ஃபிக்களுக்கும் தானியங்கிச் சோதனைகள் அவற்றைக் கம்பைல் செய்து பார்க்கின்றன.

இதெல்லாம் முடிந்த பிறகும், நான் பெரிதாக மதிக்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசியாக அழைத்தவர் ஏன் போனார்? வேண்டுமென்றே அனுப்பப்பட்டாரா, அல்லது வேறு ஏதோ மாற்றத்தில் தவறி விழுந்துவிட்டாரா? தவறி விழுந்திருந்தால் நம் கையில் இருப்பது டெட் கோட் இல்லை, ஒரு பிழை. அழைப்பைத் திரும்பச் சேர்ப்பதுதான் அங்கே சரியான பேட்ச். கிளீன்கேஷ் விஷயத்தில் இதற்குப் பதில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஃப்ரன்ட்ஸ்வாப்பில் அப்படி இல்லை. பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் ஜீஸ்வாப், 2013 முதல் அதன் வழியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஆகவே ஹெல்விக்கின் தொடர் ஃப்ரன்ட்ஸ்வாப்பில் செத்த கிளைகளை மட்டும் வெட்டியது. மிச்சத்தை 2023இல் ஜோஹன்னஸ் வைனர் எடுத்தார். ஸ்வாப் நேரடியாக ஜீஸ்வாப்பை அழைக்கும்படி மாற்றிவிட்டு 6.6 பதிப்பில் இடைத்தரகரை நீக்கினார். ஒரே வெட்டில் முடித்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கு அந்த நிதானம்தான் பிடித்திருக்கிறது.

இன்னும் சிக்கலான கதை ஒன்று உண்டு. பயனர் நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பைச் சிஸ்டம் கால் என்பார்கள். ரீமேப் ஃபைல் பேஜஸ் என்ற சிஸ்டம் கால், 2002இல் 2.5 வரிசையில் இங்கோ மோல்னார் சேர்த்தது. 32 பிட் கணினியில் ஒரு செயலிக்கு முகவரி இடம் 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய நினைவகத்தை ஆள விரும்பிய தரவுத்தளங்கள், கோப்பின் பக்கங்களை வரிசை மாற்றி ஒரு சிறிய ஜன்னலுக்குள் காட்ட இதைப் பயன்படுத்தின. 64 பிட் வந்ததும் அந்தத் தேவை மறைந்தது. ஆனால் வரிசை மாறிய பக்கங்களுக்கான தனிப் பாதைகள் நினைவகப் பகுதி நெடுகப் பரவியிருந்தன.

சிஸ்டம் காலைத் தூக்கி எறிய முடியாது. எங்கோ ஒரு பழைய நிரல் அதை இன்னும் அழைக்கலாம், பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் சட்டம். கிரில் ஷுடெமோவ் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2014இல் 3.16 பதிப்பில், இது கைவிடப்படப் போகிறது என்ற எச்சரிக்கை வந்தது. 2015இல் 4.0 பதிப்பில் உள்ளிருந்த இயந்திரம் நீக்கப்பட்டு, சாதாரண நினைவகப் பகுதிகளைக் கொண்டு அதே பலனைத் தரும் ஒரு போலி வைக்கப்பட்டது. மெதுவாக ஓடும், ஆனால் பழைய நிரல் உடையாது.

அதற்குப் பிறகுதான் உண்மையான டெட் கோட் வெளிப்பட்டது. ரேமில் இல்லாத பக்கத்துக்கான அட்டவணைக் குறிப்பில், அது ஸ்வாப்பில் இருக்கிறதா, வரிசை மாறிய கோப்புப் பக்கமா என்று பிரித்தறிய ஒரு பிட் ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போது அப்படிப் பக்கமே உருவாவதில்லை. ஆல்ஃபா, மிப்ஸ், பவர்பிசி, ஸ்பார்க் என்று கட்டமைப்பு வாரியாக ஒவ்வொன்றிலும் அந்த பிட்டை நீக்கினார்கள். சில கட்டமைப்புகளில் இப்படிக் காலியான பிட், ஸ்வாப்பில் பக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறிக்கும் எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

சரிபார்ப்பவரின் பொறுப்பு இந்த இடத்தில் கனமானது. இடத்தைக் குறித்து வைக்கும் மேக்ரோவும் அதைத் திரும்பப் படிக்கும் மேக்ரோவும் ஒரே அளவு நகர்ந்திருக்க வேண்டும். ஒன்று நகர்ந்து மற்றொன்று நின்றால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், கணினியும் துவங்கும். ரேம் நிரம்பி ஸ்வாப் செய்யும் நாளில், ஒரு செயலியின் பக்கத்துக்குப் பதிலாக வேறு பக்கம் வந்து உட்காரும். இதைப் பிடிக்க ஒவ்வொரு கட்டமைப்பின் பிட் வரைபடத்தையும் தாளில் எழுதி எண்ணிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை.

வெளியே தெரியும் பெயர்களுக்கும் இதே கவனம் வேண்டும். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் நினைவகக் கணக்கைக் காட்டும் ப்ராக் மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்தால், நெட்வொர்க் வழிக் கோப்பு முறையான என்எஃப்எஸ்ஸின் கணக்குக்கான என்எஃப்எஸ் அன்ஸ்டேபிள் என்ற வரியைக் காணலாம். 2020இல் வந்த 5.8 பதிப்போடு அந்தக் கணக்கு ஒழிந்தது. வரி மட்டும் 0 என்ற எண்ணோடு நிற்கிறது. அந்தக் கோப்பை வரி வரியாகப் படிக்கும் கருவிகள் உலகெங்கும் உண்டு, அவற்றுக்காகவே அதை விட்டுவைத்தார்கள். இதே கோப்பில் விமாலக் யூஸ்டு என்ற எண்ணைக் கணக்கிட நேரம் அதிகம் பிடிக்கிறது என்று 4.4 பதிப்பில் 0 ஆக்கினார்கள். 5.3 பதிப்பில் சிக்கனமான கணக்கு முறை வந்ததும் அந்த 0 மறுபடி உண்மையான எண்ணாயிற்று. பெயரை அழித்திருந்தால் அது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

இனி, சாகாத ஒன்றை நீக்குவது. கெர்னலுக்குள் சிறு சிறு நினைவகத் துண்டுகளைப் பங்கிடுவதற்கு ஸ்லாப், ஸ்லோப், ஸ்லப் என மூன்று பங்கீட்டு நிரல்கள் நெடுங்காலம் அருகருகே இருந்தன. மிகச் சிறிய கருவிகளுக்கான ஸ்லோப் 2023இல் 6.4 பதிப்பில் போயிற்று. ஸ்லாப் 2024இல் 6.8 பதிப்பில் போயிற்று. இந்த இரண்டையும் டெட் கோட் என்று சொல்லிவிட முடியாது, பயனர்கள் இருந்தார்கள். அதனால் பராமரிப்பாளர் விளாஸ்டிமில் பாப்கா முதலில் கன்ஃபிக் பெயரோடு, கைவிடப்படப் போகிறது என்று பொருள்படும் டெப்ரிகேட்டட் என்ற சொல்லைச் சேர்த்தார். பழைய கன்ஃபிக்கோடு புதிய கெர்னலுக்கு வருபவர் அந்தக் கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். சிறிய கருவிகளுக்கு ஸ்லப் டைனி என்ற மாற்றும் 6.2 பதிப்பிலேயே தரப்பட்டது.

இந்த நீக்கத்தின் பலன் வரிக் கணக்கைவிடப் பெரிது. குறிப்பிட்ட வகைத் துண்டுகளை விடுவிக்கும்போது அதன் அளவை ஸ்லோப் தானாக அறியாது. ஆகவே, அவற்றைப் பொதுவான கேஃப்ரீ அழைப்பால் விடுவிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு கெர்னல் முழுவதுக்கும் இருந்தது. சில சிறு கருவிகளுக்காக அத்தனை பேரும் அந்த விதியைச் சுமந்தார்கள். ஸ்லோப் போனதும் விதியும் போயிற்று.

கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெர்னலுக்குப் பங்களிக்க விரும்பி நீக்கும் பேட்ச் ஒன்றை அனுப்புவதாக இருந்தால், "இது பயன்படவில்லை" என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அந்தப் பெயரைத் தேடி, கடைசி அழைப்பு எந்தக் கமிட்டில், அதாவது எந்த மாற்றப் பதிவில், எந்தப் பதிப்பில், என்ன காரணத்தால் போயிற்று என்று எழுதுங்கள். எந்தெந்தக் கட்டமைப்புகளுக்குக் கம்பைல் செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சரிபார்ப்பவர் அதையெல்லாம் மறுபடி தானே சோதிப்பார். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வணக்கம்.