வழி காட்டாத கேம்: ஹொலோ நைட்டில் தேடித் திரிவது ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

[திரை: இருட்டான பாறை. கொம்பு வைத்த சிறிய வெள்ளை முகம் ஒன்று கீழே குதிக்கிறது.]

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து பேசுகிறேன். இந்த வீடியோ ஹொலோ நைட் என்ற கேமைப் பற்றியது. நிலத்துக்கு அடியில் இருக்கும் பூச்சிகளின் உலகத்தில் ஒரு சின்ன வீரனாக நீங்கள் தேடித் திரியும் கேம் இது. முடிவைச் சொல்லமாட்டேன், கடைசி பாஸ், அதாவது கடைசிப் பெரிய எதிரி, யாரென்றும் சொல்லமாட்டேன். இதில் தேடித் திரிவது ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது, அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய விஷயம்.

இதைப் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். சித்தியின் மகனும் அதைத்தான் கேட்டான்: "அண்ணா, இனி எங்க போறது?" திரையில் அம்புக்குறி இல்லை. இதைச் செய், அதைக் கொண்டுவா என்று வேலைப் பட்டியலும் இல்லை. "நீ இன்னும் போகாத இடம் எதெண்டு பார்" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கேமில் அதைவிட நல்ல பதில் கிடையாது.

[திரை: பழைய மெட்ரொய்ட் கேமின் காட்சி.]

இந்த வகைக் கேம்களுக்கு மெட்ரொய்ட்வேனியா என்று பெயர். நின்டென்டோ 1986இல் வெளியிட்ட மெட்ரொய்ட், கொனாமியின் காசில்வேனியா தொடரில் 1997இல் வந்த சிம்பொனி ஒஃப் த நைட், இரண்டும் சேர்ந்து பிறந்த பெயர். லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று வரிசையாகப் போகாது. ஒரே பெரிய உலகம், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பாதி வழிகள் முதலில் உங்களுக்குப் பூட்டியே இருக்கும். அதற்கான திறப்பு பெரும்பாலும் உங்கள் உடம்புக்குக் கிடைக்கும் ஒரு புதிய ஆற்றல்.

ஹொலோ நைட்டில் அப்படி முதலில் கிடைப்பவற்றில் ஒன்று, காற்றில் பாய்ந்து போக உதவும் அந்துப்பூச்சி மேலங்கி. பிறகு மான்டிஸ் பூச்சிகளின் ஊரில் ஒரு நகம் கிடைக்கும். அதை வைத்துச் சுவரைப் பிடித்து ஏறலாம். அது கிடைத்த நிமிடத்தில் பழைய இடங்கள் எல்லாம் மனதுக்குள் வந்து வரிசையில் நிற்கும். அந்த உயரமான மேடை, எட்டாமல் விட்டுவந்த அந்த வாசல், அந்தக் கிடங்கு. கேம் எதையும் நினைவூட்டாது. நீங்களாகவே நினைத்து, நீங்களாகவே திரும்பிப் போவீர்கள். ஒரு கேம் தன் ஆட்டக்காரரின் ஞாபகத்தை இவ்வளவு நம்புவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சரி, செய்தவர்கள் யார்? அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செரி என்ற சின்னக் குழு. முக்கியமானவர்கள் அரி கிப்சன், வில்லியம் பெலன். இசை கிறிஸ்டோபர் லார்கின். 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 அவுஸ்திரேலிய டொலர் கேட்டார்கள், 57,000க்கு மேல் சேர்ந்தது. 2017 பெப்ரவரியில் கணினிக்கு வெளியிட்டார்கள்.

[திரை: தரையில் சிதறிய தாள்கள். யாரோ முணுமுணுத்துப் பாடும் சத்தம்.]

இனி வரைபடம். இந்தக் கேமின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன்.

புதிய இடத்துக்குள் நுழைந்தால் உங்களிடம் வரைபடம் இருக்காது. மேப் பட்டனை அழுத்தினாலும் அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் வராது. வரைபடம் வேண்டுமென்றால் கோர்னிஃபர் என்ற பூச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் பெரும்பாலான பகுதிகளில் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார். அருகில் வந்துவிட்டோம் என்பது இரண்டு விதமாகத் தெரியும். தரையில் தாள்கள் கிடக்கும், அவர் பாடும் சத்தம் கேட்கும். எதிரிகள் நடுவில் உயிர் குறைந்து தடுமாறும்போது அந்தப் பாட்டுக் கேட்டால் வருகிற ஆறுதல் சாதாரணமானதில்லை.

அவர் விற்கும் வரைபடமும் அரைகுறைதான். மேலே டேர்ட்மவுத் என்ற ஊரில் அவருடைய மனைவி இசெல்டா கடை வைத்திருக்கிறார். அவரிடம் ஓர் இறகுப் பேனா வாங்க வேண்டும். அதன்பிறகு நீங்கள் நடந்த அறைகள் வரைபடத்தில் சேரும், அதுவும் ஆங்காங்கே ஓய்வெடுக்க இருக்கும் வாங்கு ஒன்றில் போய் உட்கார்ந்தால்தான். நான் எங்கே நிற்கிறேன் என்று காட்ட ஒரு திசைகாட்டி தனியாக வாங்க வேண்டும். அது ஒரு தாயத்து, அதாவது மாட்டிக்கொண்டால் ஏதாவது உதவி தரும் பொருள். ஆட்டத்தின் தொடக்கத்தில் தாயத்து மாட்ட மூன்று இடம்தான் இருக்கும். திசைகாட்டி அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அதாவது வழி தெரிய வேண்டுமா, சண்டைக்கு உதவி வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது சரியான முடிவு. திசைகாட்டியைக் கழற்றிவிட்டு நடக்கும்போதுதான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. இந்தத் திருப்பத்தில் நீலப் பூ, அந்த மூலையில் உடைந்த சிலை என்று அடையாளம் வைக்கப் பழகுவீர்கள். ஒட்டுசுட்டானில் நின்று முத்தையன்கட்டுக்கு வழி கேட்டாலும் அப்படித்தானே சொல்வார்கள்: "இந்த றோட்டால நேர போங்கோ தம்பி, வாய்க்கால் வரும், அதோட திரும்பினா குளக்கட்டு தெரியும்."

[திரை: சுவரில் மெல்லிய வெடிப்பு. ஆணியால் அடிக்க, சுவர் உடைந்து ஒரு வழி திறக்கிறது.]

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய கிராமங்களில் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்தச் சிவப்புப் பலகையைப் பார்த்திருப்பார்கள். மண்டையோடு, கீழே மிதிவெடி என்ற எழுத்து. விறகுக்குப் போனாலும் மாடு தேடிப் போனாலும் ஆட்கள் நடந்த தடத்திலேயே நட, ஓரம் போகாதே என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்தச் சொல் பலரைக் காப்பாற்றியது. இன்று நிறைய நிலத்தில் வெடி அகற்றி முடித்துவிட்டார்கள், சில இடங்களில் வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் தடத்தை விட்டு இறங்கக் கூடாது என்ற அந்தப் பயம் உடம்பிலேயே தங்கிவிட்டது.

அப்படி வளர்ந்தவனுக்கு, வெடிப்புத் தெரிந்தால் அடித்துப் பார், தடம் இல்லாத பக்கம் போ, பள்ளமாக இருந்தாலும் குதி என்று சொல்லும் கேம் ஒன்று கிடைத்தால்? எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அதை இந்த வீடியோவில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆனால் பயமே இல்லாத இடமில்லை. அப்படியிருந்தால் தேடலுக்கு ருசி இருக்காது. நீங்கள் செத்தால் சேர்த்த ஜியோ, அதாவது அந்த உலகத்துக் காசு, செத்த இடத்திலேயே உங்கள் நிழலிடம் தங்கிவிடும். கடைசியாக உட்கார்ந்த வாங்கிலிருந்து எழும்பி, திரும்பிப் போய் அந்த நிழலோடு சண்டை பிடித்து வாங்க வேண்டும். போகும் வழியில் இன்னொரு தரம் செத்தால் அந்தக் காசு போனதுதான். அதனால் கையில் காசு நிறைய இருக்கும்போது தெரியாத வாசல் ஒன்றைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் ஆயுதம் ஓர் ஆணி. அதால் எதிரியை அடித்தால் ஆன்மா சேரும். அந்த ஆன்மாவைச் செலவழித்துத்தான் காயம் ஆற்ற முடியும், ஆற்றும்போது நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஆக, பிழைக்க வேண்டுமென்றால் ஓடி ஒளிய முடியாது, கிட்டப் போய் அடிக்கத்தான் வேண்டும். கீழ்நோக்கி அடித்தால் எதிரியின் தலையில் பட்டு நீங்கள் மேலே துள்ளுவீர்கள். முள்ளின் மேலும் அப்படித் துள்ளலாம். சண்டைக்குப் பழகிய கையே பிறகு வழி கடக்கவும் உதவுகிறது.

மான்டிஸ் தலைவர்களோடு நடக்கும் சண்டைதான் எனக்கு எல்லாவற்றிலும் மேல். வென்று முடித்தால் அவர்கள் தலை வணங்குவார்கள். அதன்பிறகு அந்த ஊரில் இருக்கும் மற்ற மான்டிஸ்களும் உங்களை அடிக்காமல் மரியாதையோடு நிற்பார்கள். வசனம் ஒன்றுமில்லாமல் ஒரு ஊர் உங்களை ஏற்றுக்கொள்கிறது.

[திரை: மழை. உயர்ந்த நீலக் கட்டடங்கள். கண்ணாடியில் வழியும் நீர்.]

இப்போது கண்ணீர் நகரம். நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய நகரம், அங்கே ஓயாமல் மழை. முதல் தரம் போனபோது எல்லோரும் அழகைப் பார்ப்பார்கள், இசையைக் கேட்பார்கள். வன்னியில் பிறந்தவனுக்கு வேறு கேள்விதான் முதலில் வரும்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மாரி தொடங்கினால் கனகராயன் ஆற்றில் வெள்ளம் வந்ததா, இரணைமடு எவ்வளவு நிரம்பியது, வான்கதவு திறந்தார்களா என்று கேட்டே வளர்ந்த ஆட்கள் நாங்கள். நிலத்துக்குள் வானமே இல்லை, பிறகெப்படி மழை?

கேம் அப்போது பதில் சொல்லாது. நீங்கள் வேறெங்கோ போவீர்கள், வேறு வேலை பார்ப்பீர்கள். எவ்வளவோ நேரம் கழித்து, அமைதியான ஒரு பெரிய ஏரிக் கரைக்கு வந்து சேர்வீர்கள். வரைபடத்தைத் திறந்தால், அந்த ஏரிக்கு நேர் கீழேதான் நகரம். ஏரி கசிந்துதான் அங்கே மழை. அதைக் கண்டுபிடித்ததற்குக் காசும் கிடையாது, புதிய ஆற்றலும் கிடையாது. ஆனால் இந்த உலகத்தை யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்போது முழுதாக விளங்கும்.

குறைகளும் இருக்கின்றன. முதல் சில மணி நேரம் மெதுவாகப் போகும், ஏற்கெனவே போன இடங்களுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியிருக்கும். சில பாஸ்களுக்கு வாங்கு மிகத் தூரம். தோற்றால் அந்த நடையே ஆளைக் களைக்க வைக்கும். தமிழ் மொழித் தெரிவு இல்லை, ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும். ஆனால் பேச்சு குறைவு, சின்னவர்களும் சமாளிப்பார்கள். இரு பரிமாணக் கேம் என்பதால் விலைகூடிய கணினியும் தேவையில்லை.

இதன் தொடர்ச்சியான சில்க்சோங் 2025 செப்டெம்பர் 4 அன்று வந்துவிட்டது. அது இன்னும் கடினம். முதலில் இதை விளையாடுங்கள்.

விளையாடும்போது இரண்டு விஷயம் செய்யுங்கள். கண்ணீர் நகரத்துக்குப் போகும்வரை இணையத்தில் முழு வரைபடத்தைத் தேடாதீர்கள். அப்புறம், இசெல்டாவின் கடையில் குறி வைக்கும் ஊசிகள் விற்கிறார், வாங்குங்கள். ஏற முடியாத சுவர், திறக்க முடியாத கதவு எதைக் கண்டாலும் வரைபடத்தில் ஒன்றைக் குத்திவிடுங்கள். புதிய ஆற்றல் ஒன்று கிடைத்ததும் வரைபடத்தைத் திறந்து, அந்தக் குறிகளில் எது இப்போது திறக்கும் என்று பாருங்கள். சித்தியின் மகன் இப்போது அப்படித்தான் விளையாடுகிறான்.