தலைக்கு எவ்வளவு?

(தண்டையார்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பூமி சூடாக யார் காரணம் என்பது நமக்குத் தூரத்துக் கேள்வி இல்லை.

ஹவுசிங் போர்டில் ஒரு பிளாக், 32 வீடு. எல்லா வீட்டு ஈபி பில்லையும் கூட்டுங்கள். எதிரே அறைக்கு அறை ஏசி ஓடும் ஒரே ஒரு பங்களா. கூட்டிப் பார்த்தால் நம் பிளாக் பில்தான் பெரிது. "கரண்ட்டைத் தின்பதே இந்த பிளாக்தான்" என்று பங்களாக்காரர் சொன்னால் சும்மா இருப்போமா?

நாடுகள் கணக்கிலும் இதே சண்டைதான். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து வரும் கார்பன் டை ஆக்சைடில் சீனா முதலிடம், ஆண்டுக்கு 1,100 கோடி டன்னுக்கு மேல். அடுத்து அமெரிக்கா, 500 கோடியை ஒட்டி. மூன்றாவது நாம், 300 கோடியை ஒட்டி. இதையே தலைக்கு வகுங்கள். அமெரிக்கருக்கு சுமார் 14 டன், சீனருக்கு 8, நமக்கு 2. உலக சராசரியே நாலரை டன்னுக்கு மேல். கத்தாரில் தலைக்கு 35 டன்னையும் தாண்டும். மொத்தக் கணக்கில் அந்தச் சின்ன நாடு கண்ணிலேயே படாது.

பழைய பாக்கியும் இருக்கிறது. இந்த வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை விட்டதில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவினுடையது. நம் பங்கு 3 சதவீதம் அளவில். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்று 1992 ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் எழுதியது இதனால்தான்.

அதற்காக மொத்தக் கணக்கைத் தூக்கிப் போட முடியாது. காசிமேட்டில் கடல் ஏறும்போது, யார் எத்தனை டன் விட்டார் என்று கேட்டு ஏறாது. சீனாவும் நாமும் குறைக்காமல் சூடு தணியாது.

என்னை உறுத்துவது அந்த 2 டன்தான். அது சராசரி. மாதம் நாலு முறை விமானம் ஏறுபவரும், விடியற்காலையில் கூடை தூக்கும் மீன்காரம்மாவும் அதற்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே கரி எரித்து எடுக்கும் கரண்ட் ஊரெல்லாம் போகிறது. சாம்பல் மட்டும் நம்மிடமே நிற்கிறது. தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பிய சாம்பல், குழாய் ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. இறாலைக் கையால் தடவிப் பிடித்த இடத்தில் இன்று கால் சேற்றில் இறங்கவில்லை, சாம்பலில் இறங்குகிறது.

உலக மேடையில் "எங்களுக்குத் தலைக்கு 2 டன்தான்" என்று இந்தியா பேசும்போது நானும் கை தட்டுவேன், அது நியாயம். அதே 2 டன்னைக் காட்டி நம் ஆற்றங்கரையில் இன்னொரு கரி உலை வைக்க வந்தால், சாம்பலை எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று முதலில் இடத்தைக் காட்டச் சொல்வேன்.